417-க்கு உரியவை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
டயர்க்கடைக்கு மேல்மாடி.
லாரி போனால் மானிட்டர் நடுங்கும்.

காலை பத்தே காலுக்குப் போன்.
"அருமனையிலேர்ந்து ரெத்தினபாய் பேசுதேன்.
நான் சொன்னது ரெண்டு தேன்பெட்டி, ஒரு புகைப்பான்.
எனக்க பேருல நாடே கெடக்கு மக்களே."

திறந்து பார்த்தேன்.
வாடிக்கையாளர் எண் 417.
கண்ட்ரோலர் அவரைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தது,
பெயர், பின்கோடு, "குரிசடிக்கு எதிரே" வரைக்கும்.
அடுத்த வரியில்
ஆர்டர்களை எடு என்று எழுதியிருந்தேன்.
யாருடையவை என்று எழுதவில்லை.

டேட்டாபேஸ் என்ன செய்யும்,
கேட்டதை அள்ளிக் கொட்டியது:
குலசேகரத்துக்கு ரப்பர் சிரட்டை ஐந்நூறு,
ஆசிட் கேன், பால்வெட்டுக் கத்தி,
திருவட்டாற்றில் ஒருவர் கடனுக்குக் கெஞ்சிய குறிப்பு,
கொல்லங்கோட்டில் யாரோ
ஒரே தேன்பெட்டியை மூன்று முறை கேட்டு
மூன்று முறையும் ரத்து செய்தது.

ஒவ்வோர் ஆர்டரின் ஓரத்திலும்
உடையவரின் எண் ஒன்று உண்டு.
எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் உறவு.
அதன் வழியாகப் போகச் சொல்லி
அரை வரி சேர்த்தேன்.
ஒரே கொயரி, இரண்டே ஆர்டர்,
பன்னிரண்டு மில்லிசெகண்ட்.
வெட்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

பிறகுதான் லாக்கைப் பார்த்தேன்.
முந்தின இரவு ஒன்பது பதினான்குக்கு
417 உள்ளே வந்திருக்கிறார்.
முதல் பக்கம், இரண்டாம் பக்கம்,
ஏழில் வெகுநேரம்,
முப்பத்தோராம் பக்கம் முடிக்கையில்
மணி பதினொன்று ஐம்பது.

சாயங்காலம் மறுபடியும் அவர்தான்.
"சரியாயிட்டு. இப்ப எனக்கது மட்டும் இருக்கு."
கொஞ்சம் இழுத்தார்.
"அந்தக் கொல்லங்கோட்டு ஆளு
நாலாவது தடவ சொன்னாரா?"

அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா, என்றேன்.

"சொல்லாண்டாம்.
பெட்டி வாங்கி வச்சா ஈ கேறுமோ கேறாதோன்னு
பயந்து கெடக்காரு, வேற ஒண்ணும் இல்ல.
எனக்கும் முதல் வருஷம் கேறல்ல.
எனக்க நம்பர அங்க குடுத்திரு."

குடுக்க வழியில்லை.
417-இலிருந்து 902-க்கு
நான் எந்த உறவும் எழுதி வைக்கவில்லை.

போனை வைத்தபின் 902-ஐத் திறந்தேன்.
ஆர்டர்கள் எதுவும் இல்லை என்றது, நான் எழுதிய வாசகம்.
அதற்குக் கீழே
குறிப்பு என்றொரு காலிக் கட்டம்.
கர்சர் அதில் துடித்துக்கொண்டிருந்தது.
லாரி ஒன்று போயிற்று.