ஒரு பெசோ

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்
காலை பத்துக்குத்தான் விடியும்.
ஆட்டிறைச்சி உறைநிலையத்தின் மாடியறையில்
ஹீட்டரைக் காலடிக்கு இழுத்துக்கொண்டு
நிலைச் சொத்துகளைப்
பழைய ஏட்டிலிருந்து புதிய மென்பொருளுக்குக்
குடிமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
தோன் ஸ்லாவ்கோவின் கையெழுத்தில்
ஒன்றும் ஏழும் இரட்டைப் பிள்ளைகள்.
எழுபத்தொன்றா, எழுபத்தேழா?
ஆறு வருடத் தேய்மானம்
ஒரு பேனா வளைவில் தொங்கியது.
பூதக்கண்ணாடியில் பார்த்துத் தீர்ப்பெழுதினேன்.

சாந்தியாகோவிலிருந்து பால்தசார், தொலைபேசியில்:
"வாங்கிய தேதி காலியாக இருந்தால் ஏறாது, இஸ்மேனியா.
ஏதாவது ஒரு தேதி போடுங்கள்."
ஏதாவது ஒரு தேதி.
போட்டேன், ஜனவரி ஒன்று.
முப்பத்தெட்டுப் பொருள்கள்
ஒரே நாளில் பிறந்தன.
ஒரு தராசு, ஒரு கொதிகலன், பதினேழு நாற்காலிகள்.

ஆயுள் முடிந்த பொருளைப்
பூஜ்யமாக்க எங்கள் சட்டம் விடாது.
கடைசியில் ஒரு பெசோவை நிறுத்தி வைக்க வேண்டும்,
இன்னும் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக.
அந்த ஒற்றைப் பெசோ நாணயத்தை
எந்தக் கடையிலும் இப்போது வாங்குவதில்லை.

வரி 203: அம்மோனியா கம்ப்ரெஸர். ஒரு பெசோ.
வரி 204: குதிரை, செம்பழுப்பு,
கம்பளி வண்டிக்கு, வாங்கியது 1966,
பெயர் அல்மிராந்தே. ஒரு பெசோ.

பட்டியலோடு கீழே இறங்கினேன்.
கம்ப்ரெஸர் அடித்தளமே அதிர ஓடிக்கொண்டிருந்தது.
"இது நின்றால் நாளை சாயங்காலம்
நாலாயிரம் ஆடுகள் ஒழுகும்"
என்றார் எலியேசர் பார்ரியா,
சட்டையிலேயே எண்ணெய்க் கையைத் துடைத்தபடி.
"குதிரை?" என்றேன்.
"எந்தக் குதிரை?"

லாயம் இருந்த இடத்தில்
ஃபோர்க்லிஃப்டுகள் சார்ஜ் ஏறி நிற்கின்றன.
சுவரில் ஓர் இரும்பு வளையம்,
உட்புறம் மட்டும் தேய்ந்து பளபளவென்று.
வளையம் பட்டியலில் இல்லை.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன்
இறந்தாலும் ஆயிரம் பொன்.
இங்கேயும் அதே கணக்குதான்,
பொன்தான் கொஞ்சம் குறைவு.

நீக்கக் காரணம் கேட்டது திரை:
விற்பனை. உடைசல். திருட்டு. நன்கொடை.
அதற்குக் கீழே ஒன்றுமில்லை.
சுட்டி "உடைசல்" மேல் போய் நின்றது,
அழுத்த விரல் வரவில்லை.

பால்தசார் பதறினான்:
"இப்போது நீக்காதீர்கள்!
பழைய கூட்டுத்தொகையும் புதிய கூட்டுத்தொகையும்
ஒரு பெசோ இடிக்கும்.
உள்ளது உள்ளபடி ஏற்றுங்கள்,
அப்புறம் பார்க்கலாம்."

ஆகவே ஏற்றினேன்.
இடம் கட்டாயம் என்றது: சார்ஜ் கொட்டகை.
பொறுப்பாளர் கட்டாயம் என்றது: எ. பார்ரியா.
அறுநூற்றுப் பன்னிரண்டும் பச்சை.
வித்தியாசம்: பூஜ்யம்.
ஜன்னலுக்கு வெளியே
மாஜெல்லன் நீரிணைக் காற்று
யாருடைய தகரத்தையோ உருட்டிக்கொண்டு போனது.

திங்களன்று மென்பொருள் தானாகவே
பொறுப்பாளர்களுக்கு மடல் அனுப்பியிருக்கிறது:
உங்களிடமுள்ள சொத்துகளின் நிலையை உறுதிசெய்க.

எலியேசர் ஒழுங்கானவர்,
மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது.

203: சத்தம் கூடியிருக்கிறது. பேரிங் மாற்ற வேண்டும். அவசரம்.
204: நல்ல நிலை. தொந்தரவு இல்லை.