ஊதாக் கோடு

விமான நிலையத்திலிருந்து ஷிஷ்லிக்கு
ஒரு நாளைக்கு நான்கு நடை.
போகும்போது தொப்பி போட்டவர்கள்,
திரும்பும்போது கட்டுப் போட்டவர்கள்.
தலை எதிலும் படக் கூடாது என்பதால்
நேராக உட்கார்ந்தே தூங்குவார்கள்.
மண்டையெல்லாம் சிவப்புப் புள்ளி,
நேற்று நட்ட வயல் மாதிரி.
வேகத்தடையில் மெல்ல ஏற்றி மெல்ல இறக்குவேன்.
இஸ்தான்புல்லில் எனக்கு அதில் ஒரு பேர் உண்டு:
ரிஃப்கியின் வண்டியில் ஒரு முடிகூட உதிராது.

சொல்பவனுக்குக்
காதிலிருந்து காது வரை
ஒரு குதிரை லாடம்தான் மிச்சம்.

"நீ ஏன் செய்துகொள்ளவில்லை?"
கேட்காத பயணி இல்லை.
லீட்ஸ்காரன் கேட்டான், போர்ட்டோக்காரன் கேட்டான்,
ஒருவன் கைபேசியில் மொழிபெயர்த்துக் கேட்டான்,
அதற்குள்ளிருந்த பெண்குரல் இன்னும் கறார்.
சமையற்காரன் ஒல்லியாக இருந்தால்
சாப்பாட்டைச் சந்தேகிக்கிற மாதிரி.

அதனாலோ என்னவோ மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்:
ஊழியருக்குப் பாதி விலை.
பாதி விலை என்றால்
வண்டிக்கு ஒரு கியர்பாக்ஸ்,
அல்லது மெலிகேயின் பல்லுக்குக் கம்பி.

டாக்டர் பெர்ரின் என் பிடரியை விரலால் விலக்கி
பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார்.
காசு எண்ணுகிற முகம் இல்லை அது,
கோடையில் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிற முகம்.
"வேண்டியது எட்டாயிரம் வேர்.
எடுக்க முடிவது நாலாயிரம், மிஞ்சிப்போனால்.
மேலே ஆசைப்பட்டால்
பின்பக்கம் பூச்சி அரித்த கம்பளமாகிவிடும்.
முன்னாலா, உச்சியா? ஒன்றைச் சொல்லுங்கள்."

முன்னால் என்றால் கண்ணாடிக்கு.
உச்சி என்றால்
படகுத்துறைக் கடற்பறவைகளுக்கும்
மாடியில் துணி உலர்த்துகிற பெண்களுக்கும்.

"தாடியிலிருந்து கொஞ்சம் எடுக்கலாம்,
நெஞ்சிலிருந்தும் கொஞ்சம்" என்றார்.
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது
இங்கே ஒரு படிப்பு. சான்றிதழ் சுவரில் தொங்குகிறது.

புதிதாக ஒரு முடியும் பிறக்காது,
அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.
பின்கட்டுச் சாமான்களை
முன்னறையில் கொண்டுவந்து போட்டு
விருந்தாளியை உட்காரவைப்பதுதான் எல்லாம்.

மூன்றாம் முறை வந்த பெல்ஃபாஸ்ட்காரனை நினைத்தேன்.
எடுக்க ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
வழியெல்லாம் பேசவில்லை.
இறங்கும்போது என் பிடரியைப் பார்த்து
"உனக்கு இன்னும் இருக்கிறது" என்றான்.
வாழ்நாளில் முதன்முறையாக
என் தலைமுடி மீது ஒருவன் பொறாமைப்பட்டான்.

டாக்டர் ஊதாப் பேனாவால் நெற்றியில் கோடு இழுத்தார்.
"இங்கே தொடங்கலாம். ஐம்பத்திரண்டு வயதில்
இதற்குக் கீழே வேண்டாம், பொய் தெரிந்துவிடும்."
கண்ணாடியில்
வாலிப ரிஃப்கி எட்டிப் பார்ப்பான் என்று நின்றேன்.
எல்லைக்கோடு போட்டுவிட்டு
நாட்டை வரைய மறந்த படம் மாதிரி இருந்தது.

கழுவ நேரமில்லை, இரவு நடை.
பெட்டியைத் தூக்கக் குனிந்ததில்
தொப்பி விழுந்தது.
வந்தவன் சின்னப் பையன், க்ரகோவ்,
கைப்பிடியைப் பிடித்த விரல் நடுங்கியது.
கோட்டைப் பார்த்தான்.
"நீங்களுமா? நாளைக்கா?"
இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன்.
அதற்குள் அவன் தோள் இறங்கிவிட்டது.
"வலிக்குமா?"
"ஊசிதான் வலிக்கும். அப்புறம் தெரியாது" என்றேன்,
நானூறு பேர் என்னிடம் சொன்னதை.

வீடு வரும்போது மணி ஒன்று.
ஷுக்ரான் எலுமிச்சைக் கொலோனைப் பஞ்சில் நனைத்துத்
தேய்தேய் என்று தேய்த்தாள்.
பாதிதான் போயிற்று.
"முன்னாலா, உச்சியா?"
"எனக்கென்ன தெரியும்?
பின்சீட்டில் உட்கார்ந்து
இருபது வருஷமாக நான் பார்ப்பது உன் பிடரியைத்தான்."

பஞ்சை மறுபடி நனைத்தாள்.
ஏழு மணிக்கு அந்தப் பையனை ஏற்ற வேண்டும்.
மீதி இருக்கட்டும் என்றேன்.