எட்டு வரை

ஆறரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது
தொக்குனாகா வானொலிப் பெட்டியைச்
சறுக்குமரத்தின் மூன்றாம் படியில் வைப்பார்.
இரண்டாம் படியில் இரைச்சல்.
நான்காம் படி அவருக்கு எட்டாது.

அமகசாகி, கால்வாயோரப் பூங்கா.
அக்கரையில் இரும்பாலை பெருமூச்சு விடும்,
இக்கரையில் பத்தொன்பது பேர்
கைகளைத் தூக்குவோம்.

இவாசே அம்மாளின் வலது முழங்கால்
போன மார்ச்சில் வாங்கியது.
"உத்தரவாதம் இருக்கிறது" என்று
அதை மட்டும் ஒருதரம் கூடுதலாக மடக்குவாள்.
சோஸுகேவுக்கு ஒன்பது வயது, கோடை விடுமுறை,
கழுத்தில் முத்திரை அட்டை,
கண் மட்டும் இன்னும் படுக்கையில்.
நான் மீன்சந்தையில் கணக்கு எழுதுகிறவன்.
குனிந்தால் என் விரல்கள்
தரைக்கென்று புறப்பட்டு
முழங்காலோடு சமாதானமாகிவிடும்.

கடைசி வரிசையில் ஒரு டாக்ஸிக்காரர்.
இரவுப்பணி முடிந்து வண்டியை ஓரங்கட்டி
வெள்ளைக் கையுறையோடே வந்து நிற்பார்.
மூன்று வருடம்.
தலையசைப்பு உண்டு, பேச்சில்லை.

ஆகஸ்டு பதினெட்டு.
உடம்பைச் சுழற்றும் இடத்தில்
பியானோ இழுத்தது,
தூக்கத்தில் பேசுகிறவன் போல்
பாதிச் சொல் சொன்னது,
அவ்வளவுதான்.
பேட்டரி தீர்ந்துவிட்டது.

சுழன்றுகொண்டிருந்த பத்தொன்பது இடுப்புகள்
அப்படியே நின்றன.
எத்தனை சிள்வண்டுகள் கத்துகின்றன என்று
அப்போதுதான் கேட்டது.
யார் இடப்பக்கம், யார் வலப்பக்கம் என்று
அப்போதுதான் தெரிந்தது.
இத்தனை நாளும்
ஒன்றுபோல் செய்வதாக நினைத்திருந்தோம்!

தொக்குனாகா பெட்டியை இரண்டு தட்டுத் தட்டி
ஆழமாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்,
எங்களிடமா பெட்டியிடமா, தெரியவில்லை.

பின்னாலிருந்து,
"இச்சி."
யாரும் திரும்பவில்லை.
"நி. சான். ஷி."
பல நாள் திறக்காத இழுப்பறையைத் திறப்பது போல
ஒரு குரல்.
"கோ. ரொகு."

ரொக்கு இல்லை, ரொகு.
வடக்குக் கோடியில் அப்படித்தான்
ஆறை மெத்தென்று சொல்வார்களாம்,
இவாசே அம்மாள் பிறகு சொன்னாள்.

எட்டு வந்ததும் மறுபடி ஒன்று.
குதித்தோம்.
புது முழங்கால் குதிகாலை மட்டும் தூக்கியது.
கடைசி மூச்சை அவர் எண்ணவில்லை,
விட்டார், கேட்டது.

முடிந்ததும் சோஸுகே
தொக்குனாகாவைத் தாண்டிப் போய்
அவரிடம் அட்டையை நீட்டினான்.
அவர் திகைத்தார்.
வலக் கையுறையைக் கழற்றினார்.
சட்டைப்பையில் துழாவிச்
சொந்த முத்திரையை எடுத்து
மூச்சால் ஈரமாக்கி அழுத்தினார்.
பதினெட்டாம் கட்டத்தில், சற்றுக் கோணலாக,
சிவப்பில்: ஃபுக்குஷி.

மறுநாள் புதுப் பேட்டரி, நான்கு.
பியானோ ஒரு குறையும் இல்லாமல் வந்தது.
ஆறாம் எண்ணிக்கையில் யாரோ
"ரொகு" என்றார்கள்.
கடைசி வரிசையில் ஒரு வெள்ளைக் கையுறை
வாய்வரை போனது.
சிரிப்பாக இருக்கலாம்.
இரவெல்லாம் வண்டி ஓட்டியவர்,
கொட்டாவியாகவும் இருக்கலாம்.