புள்ளி

ஒரு தோட்டத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
பெட்ரோல் என் கணக்கு.
இருபது கொண்டை ஊசியும் ஏறி, நாகலூர் தாண்டி
ரோடு மண்ணாகிற இடத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டு
நடந்தேன்.

காப்பி வாங்கும் கம்பெனி கொடுத்த போன்.
அதற்குள் ஐரோப்பா கேட்கிறது:
இந்தக் கொட்டை விளைந்த மண்
இரண்டாயிரத்து இருபது டிசம்பர் முப்பத்தொன்று வரை காடாக இருந்து
அதற்குப் பிறகு அழிக்கப்பட்டதா?

தீர்த்தாயிக்கு ஒன்றேகால் ஏக்கர்.
நாலு எக்டேருக்குக் கீழே என்றால்
எல்லை சுற்றி நடக்க வேண்டாம்,
உள்ளே நின்று ஒரு புள்ளி வைத்தால் போதும் என்றேன்.
"அப்ப நான் புள்ளி.
எஸ்டேட்டுக்காரரு?"
அவருக்குப் பலகோணம்.
"அவரத்தான பெரும்புள்ளிம்பாங்க"
என்றாள், ஏணியிலிருந்து இறங்காமல்,
வாயில் ஒரு மிளகுச் சரத்தைக் கவ்விக்கொண்டு.

பட்டா எண் என்று ஒரு கட்டம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
இறங்கிப் போய் ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கொண்டுவந்தாள்.
கிராம சபைத் தீர்மானத்தின் நகல்,
வன உரிமைக் குழுவில் ஏழு கையெழுத்து, நாலு கைநாட்டு,
கலெக்டர் ஆபீஸ் முத்திரையோடு ஒரு தாள்:
தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.
அந்தத் தேதியில் நான்
குகையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு.
அதன்பிறகு எத்தனை தேர்தல்.
மைக்கில் மட்டும்
நாலு தடவை பட்டா வாங்கியிருக்கிறாள்.

ஆறு சைபர் அடித்தேன். ஏற்றுக்கொண்டது.

இது காடு என்று வனத்துறை நோட்டீஸ் ஒட்டுகிறது.
காடு இல்லைதானே என்று பிரஸ்ஸல்ஸ் கேட்கிறது.
"யாருகிட்ட என்ன சொல்லணுமோ
நீயே எழுதிக்க, எனக்குப் பழம் பறிக்கணும்."

புள்ளி வைத்தேன்.
திரை சிவந்தது.
போன மே மாதம் இங்கே இலை குறைந்ததை
மேலிருந்து எதுவோ பார்த்திருக்கிறது.
மழைக்கு முன்னால் சில்வர் ஓக் கிளை கழித்தாளாம்.
கழிக்காவிட்டால் காப்பிக்கு வெளிச்சம் ஏது?
இதை விளக்க
முப்பது எழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.
தமிழில் ஒற்றெழுத்தையும் புள்ளியோடு எண்ணிக் கழித்துவிட்டது.

சும்மா, விரலால் படத்தை எதிர்மேட்டுக்குத் தள்ளினேன்.
பாக்சைட் வெட்டிய பள்ளம்.
ஒரு ஊரையே இறக்கி வைக்கலாம்.
பச்சை.
குற்றம் ஏதும் இல்லை.
அந்தத் தேதிக்கு வெகுகாலம் முன்பே
அங்கே குறைய இலை இல்லை.

அவளிடம் காட்டியிருக்கக் கூடாது.
வெகுநேரம் பார்த்தாள்.
"அப்ப முன்னாடியே வெட்டியிருக்கணும்.
மொத்தமா.
எங்களுக்குத் தேதி யாரும் சொல்லல."

பன்னிரண்டு எட்டு நடந்தேன்,
காப்பி காயப்போடும் சிமெண்டுக் களத்துக்கு.
அதன் நடுவில் நின்று புள்ளியை மாற்றி வைத்தேன்.
ஒரு புல்லும் முளைக்காத இடம்.
உடனே பச்சை.
கண்டுபிடித்தால் கம்பெனி என் ஐடியை முடக்கும்.
சட்டப்படி இனி தீர்த்தாயியின் காப்பி
சிமெண்டில் விளைகிறது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
அரைப் படி மிளகு பொட்டலம் கட்டித் தந்தாள்.
வாங்கிக்கொண்டேன். லஞ்சமா என்று
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்பதாவது வளைவில் சிக்னல் வந்தது.
எங்கோ ஒரு மன்றத்தில் கை தூக்கியிருக்கிறார்கள்,
சட்டம் இன்னும் ஓராண்டு தள்ளிவைப்பு.
களப்பணி நிறுத்தம்.
முடித்த தோட்டங்களுக்கான தொகை
பரிசீலனையில் உள்ளது.

பிரேக் பிடித்து, ஓரமாக நின்று
அந்தச் சொல்லை மறுபடி படித்தேன்.
மிளகு வாசம் சட்டைப் பையிலிருந்து
காரமாக ஏறிக்கொண்டிருந்தது.