ஐம்பத்திரண்டு நொடி

ஐந்தாம் மாடி ஃபஸ்னா அனுப்பியிருக்கிறாள்.
மொட்டைமாடிக் கொடியில் உடுப்பெடுக்கப் போனவள்
ஒரு கையால் பிடித்த, ஆடுகிற வானம்.
"அக்கா, இது என்னண்டு பாருங்களே,
பிளேன் இல்ல, சத்தமே வரல்ல."

முதல் ஆறு நொடி ஒரு தலையணை உறை.
பிறகு வெள்ளவத்தைக்கு மேலே எந்நாளும் கிடக்கும்
செம்மஞ்சள் கறை.
அதற்குள், ஓரமாக, ஊசிமுனை வெளிச்சமொன்று
தன்பாட்டில் போகிறது.

சிவப்பு மினுக்கல் இல்லை. சரி, விமானமில்லை.
ஆனால் நட்சத்திரம் இல்லாமல் முகவரி சொல்ல முடியாது.
திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி
புள்ளி புள்ளியாய்க் கொதிக்கும் இருட்டுக்குள் தேடினேன்.
தனித்தனியே துள்ளுபவை கமராவின் பொய்.
ஃபஸ்னாவின் கை நடுங்கும்போது
எல்லாம் சேர்ந்து நடுங்குபவைதான் உண்மை.
அப்படித்தான் திருவாதிரையைப் பிடித்தேன்,
கொஞ்சம் சிவந்து, உச்சிக்குப் பக்கத்தில்.

இனி நேரம்.
போன் காட்டுவது வீடியோ தொடங்கிய நேரமா முடிந்த நேரமா
போனுக்கே தெரியாது.
பத்தொன்பதாம் நொடியில் கரையோர ரயில் கூவுகிறது.
எங்கள் ரயிலை வைத்து
நாளைக்கூடக் கணிக்க முடியாது.
முப்பத்துநாலில்தான் கிடைத்தது:
நாலாம் மாடி சோமதிலக்கவின் டீவியில்
எட்டு மணிச் செய்தியின் மேளம்.
டீவி இரண்டு நொடி பிந்தும். அதையும் கழித்தேன்.

பட்டியலில் அந்த நிமிடத்துக்கு மூன்று பேர்.
ஒன்று வடக்கிலிருந்து வருவது, வேண்டாம்.
ஒன்று நாற்பது நொடி முந்தியே போய்விட்டது.
மிஞ்சியது தென்மேற்கில் எழும்பி
திருவாதிரையை உரசி
ஒன்பது நொடிக்கொருதரம் ஒளிர்ந்து மங்கி
கரணமடித்துப் போகும்
எரிந்து முடிந்த ராக்கெட்டின் மேற்கூடு.
கொண்டுபோனதை அங்கே இறக்கிவிட்டு
தான் இறங்க வழியில்லாமல் சுற்றுவது.
ஏவிய ஆண்டு இரண்டாயிரத்து ஏழு.

அந்த ஆண்டு
வானத்தில் ஒரு வெளிச்சம் வருகிறதென்றால்
கொழும்பு தன் விளக்குகளை அணைக்கும்.
அணைத்த இருட்டில்
லொட்ஜ் அறையில் ஏழு பெண்கள்
மேலே பார்க்கவில்லை, கதவைப் பார்த்தோம்.
தட்டினால் நீட்டவென்று மடியில் அடையாள அட்டை,
நாலாய் மடித்த பொலிஸ் பதிவு.
எதற்கு வந்தாய், எத்தனை நாள், எப்போது போவாய்,
சிங்களத்தில் பாடமாக்கிய பதில்கள்.
தர்சிகா மட்டும் கடைசிப் பதிலில்
ஒவ்வொரு முறையும் தடுக்குவாள்.
அந்த நேரமும் இது மேலால் போயிருக்கும்,
ஒன்பது நொடிக்கொருதரம்,
ஒரு சோதனைச்சாவடியிலும் நிற்காமல்.

புனர்பூசத்தை எட்டுமுன் அணைந்துவிடுகிறது.
"முகில் மறைச்சிட்டு" என்கிறாள் வீடியோவில் யாருக்கோ.
முகிலில்லைப் பிள்ளை, பூமியின் நிழல்.
எங்களை மூடி ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலாகிறது,
அதை இப்போதுதான் எட்டிப் பிடித்திருக்கிறது.

இலக்கம், உயரம், போன திசை எல்லாம் அனுப்பினேன்.
வாய்பிளந்த மஞ்சள் முகமொன்று திரும்பி வந்தது.

பிறகும் ஏனோ ஒருமுறை ஓட்டினேன்.
நாற்பத்தோராம் நொடி, இடது மூலையில் இன்னொன்று,
இருக்கிறதா என்றே ஐயப்படும் மங்கல்,
எதிர்த்திசையில்.
ஃபஸ்னாவின் கை நடுங்க அதுவும் நடுங்குகிறது.
பட்டியலில் இல்லை.
போன மாதப் பட்டியலிலும் இல்லை.
கொப்பியில் நேரத்தை எழுதினேன், திசையை எழுதினேன்,
பெயருக்கான கட்டத்தில் பேனையை வைத்து
வைத்தபடியே கொஞ்சம் இருந்து
எடுத்துவிட்டேன்.

மேலே தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிகிறது.
மோட்டரைப் போட்டது யாரென்று
சோமதிலக்க படியில் நின்று கத்துகிறார்.
நான்தான்.