பரிமாறும் அளவு: பாதி

பிறையில் குளிர்கிடங்கு.
உறைந்து வந்திறங்கும் பெட்டிகளை
முன்னறையில் உடைத்து
ஆங்கில எழுத்தின் மேல்
மலாய் எழுத்தை ஒட்டுவது என் வேலை.
ஐந்துக்கு ஏழு சென்டிமீட்டர், வெள்ளை ஸ்டிக்கர்,
ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு.
நான் ஒட்டினால் இடப்பக்கம் கொஞ்சம் சாயும்.
சூப்பர்வைசர் கூ சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

இந்த மாதம் புரீட்டோ.
ரொட்டியைப் பாய்போலச் சுருட்டி
உள்ளே மாட்டிறைச்சி, பீன்ஸ், சீஸ்.
எங்கள் வீட்டு வாசல் ஏறாத இறைச்சி.
ஆனால் அதன் ஜாதகம் எனக்கு மனப்பாடம்.
பொட்டலம் நூற்று நாற்பத்திரண்டு கிராம்.
சக்தி நூற்று அறுபத்திரண்டு கிலோகலோரி,
புரதம் ஆறு, கொழுப்பு ஆறு,
மாவுச்சத்து இருபத்தொன்று,
நேட்ரியம் நானூற்று இருபது மில்லிகிராம்.
எல்லாவற்றுக்கும் மேலே, எறும்பு எழுத்தில்:
ஒரு பரிமாறல் என்பது பாதிப் பொட்டலம்.

பாதி தின்றுவிட்டு எழுந்து போகிறவரை
நான் இன்னும் பார்த்ததில்லை.
அதனால் ஒட்டும்போதே இரட்டித்துக்கொள்வேன்,
நானூற்று இருபது, எண்ணூற்று நாற்பது.

வீட்டில் குளிர்பெட்டிக் கதவில் இன்னொரு தாள்,
டயாலிசிஸ் மையத்து மிஸ்ஸி கொடுத்தது.
நாளைக்கு நேட்ரியம் இரண்டாயிரத்துக்குள்.
தண்ணீர் முக்கால் லிட்டர்.
வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது,
ஊறுகாய் என்று பேச்சே எடுக்கக் கூடாது.
திங்கள், புதன், வெள்ளி அவருக்கு ஊசி.
செவ்வாய், வியாழன் தீவில் வாடகைக் கார்.
பதினோரு மாதமாக ஒரே சட்டி, ஒரே குழம்பு.
அவருக்கு எடுத்துவைத்த பிறகு
என் பங்குக்கு மட்டும் உப்புப் போட
எனக்குக் கை வரவில்லை.

செவ்வாய் சாயங்காலம் சட்டையைத் துவைக்கப் போட்டேன்.
பையில் நாலாய் மடித்த பொட்டலம்.
ஸ்டிக்கர் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
பாலம் தாண்டிப் போய்
ஏதோ பெட்ரோல் நிலையத்துக் கடையில்
என் கைவேலையையே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

முதலில் எதற்குக் கோபப்படுவது என்று விளங்கவில்லை,
மாட்டுக்கா, நேட்ரியத்துக்கா.
சாமிப் படத்தைப் பார்த்தேன்.
முருகன் வேறு வேலையாக இருந்தான்.

"பாதிதான் சாப்பிட்டேன்" என்றார் குணாளன்.
மடிப்பை நீவிவிட்டு
நான் ஒட்டியதை எனக்கே வாசித்துக் காட்டினார்:
"சாத்து ஹிடாங்கான், செத்தெங்ஙா புங்குஸ்."
சட்டப்படி சரி.
மீதி?
முட்டைக்கோஸுக்குப் பின்னால், அலுமினியத் தாளில்.

நடுராத்திரி எழுந்தேன், குப்பையில் போடத்தான்.
ஒன்பதாவது மாடி சன்னலில் துறைமுகத்து விளக்குகள்.
ஊசிக் கையைத் தலையணைமேல் வைத்து
அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

தாளைப் பிரித்தேன்.
குளிரில் விறைத்த மாவு.
இதுவரை முப்பதாயிரம் ஒட்டியிருப்பேன்,
இதன் வாசம்கூட எனக்குத் தெரியாது.
இறைச்சி வராத ஓரமாகப் பார்த்துக் கடித்தேன்.
வந்தது.

உப்பு.
நாக்கில், கன்னத்தின் உட்புறத்தில், காதடி வரைக்கும்
பதினோரு மாதத்து உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றவர்கள்
எத்தனை மில்லிகிராம் என்று சொல்லவில்லை.
இட்டது எந்த ஊர் ஆலையோ,
ஒட்டியது நான்.
இன்னொரு கடி.

விடிந்தால் புதன்.
மையத்துத் தராசில் ஏறுவார்.
உடம்பில் தேங்கிய தண்ணீரை அது கிலோவில் சொல்லும்.
மிஸ்ஸி ரோசலின் குறித்துக்கொண்டு
அவரைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார்.
என்ன சொல்வது என்று
மென்றுகொண்டே யோசித்தேன்.

பாதியில் பாதி இருந்தது.
தாளை இறுக்கிச் சுற்றி
முட்டைக்கோஸுக்குப் பின்னால்
இருந்த இடத்திலேயே வைத்தேன்.