கூட்டல் கழித்தல் பதினொன்று

மடிப்பாக்கத்தில், எங்கள் தெருவில்,
யேசுபாதம் சார் வீட்டைத் தூக்குகிறார்கள்.
அடியில் இருநூற்றுப் பத்து ஜாக்கி.
ஒருவன் விசில் ஊத
எல்லோரும் ஒரே சமயத்தில் கால் திருகு.
ஒரு விசிலுக்கு ஒரு நூல் உயரம்.
நாலடிக்கு முந்நூற்று எண்பத்து நாலு விசில்.
நேற்று எதிர்வீட்டுக் குக்கர் கூவியதில்
ஒரு பையன் தனியாகத் திருகிவிட்டான்.
சமையலறைச் சுவரில் மயிரிழை விரிசல்.

"உயரம் அளக்குற வேலைதானேம்மா உனக்கு.
மூணடி போதுமா, நாலா?"

நான் அளப்பது வேறு, சார்.
பள்ளிக்கரணையில் மூன்றாம் மாடி,
ஜன்னலுக்கு வெளியே கூழைக்கடாக்கள்,
உள்ளே சால்வை போர்த்திக்கொண்டு
கிழக்கு அண்டார்டிகா பார்க்கிறேன்.
எழுநூறு கிலோமீட்டர் மேலிருந்து ஒரு துடிப்பு
பனியைத் தொட்டுத் திரும்புகிறது.
போய்வந்த நேரத்தில் பாதி.
அவ்வளவுதான்
என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொல்வோம்.

தூள்பனி என்றால் துடிப்பு உள்ளே இறங்கிவிடும்.
தொட்டது மேற்பரப்பையா, போன வருஷத்துப் பனியையா,
அது சொல்லாது.
சரிவில் நேர் கீழே இருக்கும் இடத்தைக் கேட்டால்
பக்கத்து மேடு முந்திக்கொண்டு பதில் சொல்லும்,
வார்டு கூட்டத்தில் போல.
தடத்துக்கும் தடத்துக்கும் நடுவில் காலி.
அக்கம்பக்கத்தில் விசாரித்து நிரப்புகிறேன்.

ஏறும் தடமும் இறங்கும் தடமும் வெட்டுகிற இடத்தில்
ஒரே பனிக்கு இரண்டு தேதி கிடைக்கும்.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பேன்.
மைனஸ் வந்தால்
டீ குடித்துவிட்டு வந்து மறுபடி கழிப்பேன்.

எங்கள் வீட்டு பீரோவிலும் இரண்டு கோடு உண்டு.
பதினைந்தாம் வருஷ டிசம்பர்,
இருபத்துமூன்றாம் வருஷ டிசம்பர்.
இரண்டாவது கோடு அரையடி கீழே.
தண்ணீர் குறைந்துவருகிறது என்கிறார் மாமனார்,
வருகிறவர்களிடமெல்லாம் காட்டி.
முதல் வெள்ளத்துக்கு அப்புறம்
பீரோவுக்கு அடியில் மூன்று வரிசை செங்கல் கொடுத்தோம்.
பூஜ்ஜியம் நகர்ந்துவிட்டதை
இன்னும் நான் அவரிடம் சொல்லவில்லை.

வாசலிலும் அப்படித்தான்.
பழைய ரோட்டைச் சுரண்டாமல்
மேலேயே மூன்று முறை தார் போட்டார்கள்.
நாலு படியில் ஒன்று மிச்சம்.
அங்கே பனி இறங்குகிறது, இங்கே தெரு ஏறுகிறது,
நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட அசையாமல்
தாழ்ந்துகொண்டிருக்கிறது எங்கள் வீடு.

"சொல்லும்மா, விசில்காரன் காத்திருக்கான்."

மூணே முக்கால், சார்.
கூட்டல் கழித்தல் பதினொன்று.

"பதினொன்று என்ன?"

சென்டிமீட்டர். என் பிழை.

சிரித்தார்.
"கழித்தலை விட்டுடுவோம்" என்று
தூணில் சாக்பீஸால் பெரிதாக 4 போட்டார்.

மேஸ்திரி ஒரு நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி
ஒரு முனையை அந்தக் கோட்டில் பிடித்தான்,
மறுமுனையைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனான் பையன்.
குமிழ் போக ஒரு தட்டு.
தண்ணீர் மேலும் கீழும் ஆடியது,
யோசிப்பது மாதிரி,
பிறகு இரண்டு பக்கமும் ஒன்றாக நின்றது.

நிற்க எடுத்த நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.
இருபத்தாறு விநாடி.
பழக்கதோஷம்,
பாதியாக்கினேன்.